டோ வண்டி (இழுக்கிற கார்) இல்லாமல் சரிவான டிரைவ்வேயில் கேரவனை மேலே ஏற்றுவது எப்படி? (1700 கிலோ, கான்கிரீட், 11 மீட்டர்)

குன்றடி_சிட்னி
வணக்கம். வீடு சிட்னி வடமேற்கில். கேரவன் (காரில் கோத்து இழுக்கிற, இன்ஜின் இல்லாத வீட்டு வண்டி) சிங்கிள் ஆக்சில், 18 அடி. பிளேட்டில் ஏ.டி.எம் (சாமானோட வண்டி இருக்கலாம்னு சொல்ற அதிகபட்ச மொத்த எடை) 2000 கிலோ, இப்போ உள்ளே இருக்கிற சாமானோட 1700 வரும். பால் வெயிட் (காரில் கோக்கிற மூக்குப் பக்கம் அழுத்துற எடை) 160 கிலோ. எலக்ட்ரிக் பிரேக், கை பிரேக் ரெண்டும் உண்டு. டிரைவ்வே முழுக்க கான்கிரீட், நேர்கோடு, மேலே கார்போர்ட் சமதளம். கார் சின்ன ஹேட்ச்பேக், அதுக்கு டோபார் (கேரவனைக் கோக்கிற கொக்கி) கிடையாது. டில்ட் ட்ரக்கில் கொண்டுவந்து தெருவோரம் இறக்கிட்டுப் போயிடுவாங்க. அங்கிருந்து மேலே எப்படி ஏத்துறது?

ஜாக்கி வீலுக்கு (வண்டி மூக்குக்கு அடியில் இருக்கிற சின்ன சக்கரம்) பதிலா மாட்டுற மோட்டார் வீல் ஒண்ணு விளம்பரத்தில் பார்த்தேன். 2500 கிலோ வரை நகர்த்தும்னு போட்டிருக்கு. அது போதுமா? வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் வண்டியை எடுப்போம்.

செயின்பிளாக்
முதல்ல சரிவை அளங்க. "11 மீட்டருக்கு இவ்வளவு ஏற்றம்"னு சராசரி எடுத்தா பிரயோஜனம் இல்லை, வண்டி மாட்டிக்கிறது செங்குத்தான துண்டில்தான். ஒரு மீட்டர் நீள ரசமட்டம் எடுத்து, மேல்முனை தரையைத் தொடுற மாதிரி வைங்க. குமிழி நடுவுக்கு வர்ற வரை கீழ்முனையைத் தூக்குங்க. அந்த முனைக்கும் தரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளியோ அத்தனை சதவீதம் சரிவு. மீட்டருக்கு மீட்டர் சாக்பீஸால் குறிச்சு எழுதிட்டு வாங்க.

குன்றடி_சிட்னி
அளந்தாச்சு. கீழ் 3 மீட்டரில் ஒவ்வொரு மீட்டருக்கும் 14 செ.மீ. நடு 4 மீட்டரில் 20 செ.மீ. மேல் 4 மீட்டரில் 9 செ.மீ.

செயின்பிளாக்
அப்போ சராசரி 14 சதவீதம் சொச்சம், ஆனா கணக்குக்கு எடுக்க வேண்டியது 20, அதாவது 5-க்கு 1. அங்கே 1700 கிலோ வண்டி கீழே இழுக்கிற விசை ஏறக்குறைய 333 கிலோ. சக்கரம் உருள்ற தடைக்கு கான்கிரீட்டில் எடையில் 2 சதவீதம், அதாவது 34. மொத்தம் 367 கிலோ, வண்டி மெல்ல நகரும்போது. நின்ன இடத்திலிருந்து கிளப்ப இன்னும் கொஞ்சம் கூடும். 400-னு வச்சுக்குங்க.

இதே வண்டி சமதளத்தில் 34 கிலோவுக்கு நகர்ந்துடும். விளம்பரத்தில் போடுற 2500 கிலோ எல்லாம் அந்தக் கணக்கு.

தண்ணி டேங்கைக் காலி பண்ணுங்க, லிட்டருக்கு ஒரு கிலோ. ஆனா பின்னாடி டேங்கைத்தான் முதல்ல. காரணம் கீழே யாராவது சொல்வாங்க.

தெல்லிப்பளை_மெல்பர்ன்
காரணத்தை நான் சொல்லுறன். தம்பி, அந்த ஜாக்கி வீல் மோட்டாரை மறந்துவிடுங்கோ. மோட்டாருக்குப் பலம் காணாது எண்டில்லை. டயருக்குப் பிடி காணாது. ஒரு சில்லு எவ்வளவு இழுக்கும் எண்டது அதில எவ்வளவு பாரம் நிக்குது எண்டதைப் பொறுத்தது. உங்கட ஜாக்கி வீலில சமதளத்தில 160 கிலோ நிக்குது. காய்ஞ்ச கொங்கிறீட்டில ரப்பர் அதில பத்தில ஆறு பங்கு பிடிக்கும் எண்டு வையுங்கோ, 96 கிலோ. சமதளத்துக்கு அது தாராளம்.

மூக்கு மேல்நோக்கிச் சரிவில ஏறேக்க என்ன நடக்குது? வண்டியின்ர பாரம் பின்னுக்குச் சரியுது. பார மையம் நிலத்திலயிருந்து ஒரு மீட்டர், அச்சிலயிருந்து ஜாக்கி வீல் 4.2 மீட்டர் எண்டு எடுத்தால், 20 சதவீதத்தில ஜாக்கி வீலில இருந்து கிட்டத்தட்ட 80 கிலோ கழண்டுபோகும். மிச்சம் 80. அதின்ர பிடி 48 கிலோ. தேவை 367. பெரிய மோட்டார், பெல்ட் பூட்டின சின்ன ரோபோ, எதைக் கொண்டுவந்தாலும் இதுதான் கதை. பெல்ட்டில பிடி கொஞ்சம் கூட, ஆனால் பாரம் அதே 80 தானே.

பின்பக்க டாங்கில தண்ணி, பின் பம்பரில ரெண்டு சைக்கிள், ஸ்பெயார் வீல் எல்லாம் இருந்தால் அந்த 80-உம் குறைஞ்சு மூக்கு மேல கிளம்பிவிடும். அதுக்குத்தான் பின் டாங்கை முதல் இறக்கச் சொன்னவர்.

உங்களுக்குப் பொருத்தம் ரோலர் மூவர். சேசிஸில பூட்டி, ரெண்டு பெரிய டயரிலயும் உருளையை அழுத்திச் சுத்துற வகை. அங்க 1600 கிலோ பாரம் டயரில நிக்குது, நிலத்தில பிடிக்குப் பஞ்சமில்லை. பார்க்கவேண்டியது நாலு விசயம்:

மனுவலில உங்கட நிறைக்கு நேரே எத்தனை சதவீதம் எண்டு போட்டிருக்கு எண்டு பாருங்கோ, முன் அட்டையில இருக்கிற நிறையை இல்லை. 1700-க்கு 20 சதவீதம் இல்லாட்டி வாங்காதேங்கோ. உருளைக்கும் டயருக்கும் இடையில, கழட்டின நிலையில 20 மி.மீ அளவு இடைவெளி விட்டுப் பூட்டவேணும், கூடினால் அழுத்தம் காணாது, மழைக்கு வழுக்கும். காத்து சரியா இருக்கவேணும், காத்துக் குறைஞ்ச டயரில உருளை அமுங்கி நிண்ட இடத்தில சுத்தும். கடைசியா, உங்கட வான் ஓஃப்ரோட் ட்ரெய்லிங் ஆர்ம் சஸ்பென்ஷனோ எண்டு பாருங்கோ. அதில டயர் மேல கீழ போற தூரம் கூட, சேசிஸில பூட்டின உருளை டயரோட நேரா நிக்காது. லீஃப் ஸ்பிரிங் எண்டால் பெரும்பாலும் பிரச்சினையில்லை.

குன்றடி_சிட்னி
லீஃப் ஸ்பிரிங்தான் அண்ணை. உள்ளே 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி இருக்கு. அது போதும் இல்லையா?

பன்னிரண்டு_வோல்ட்
கொள்ளளவு போதும். 11 மீட்டர் ஏற சில நிமிஷ வேலைதான். சிக்கல் பி.எம்.எஸ்-இல் (பேட்டரிக்குள் இருக்கிற பாதுகாப்புச் சர்க்யூட்) வரும். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பலதில் பி.எம்.எஸ் 100 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து விடாது. 20 சதவீத சரிவில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ரெண்டு மோட்டாரும் சேர்ந்து அதைத் தாண்டலாம். அந்த நொடியில் பி.எம்.எஸ் கட் ஆகும், வண்டி சரிவின் நடுவில் நிற்கும், கேரவனுக்குள் லைட் உட்பட எல்லாம் அணைஞ்சிடும். உச்ச மின்னோட்டம் எவ்வளவுன்னு மூவர் மனுவலில் பாருங்க, பி.எம்.எஸ் அதுக்கு மேலே இருக்கணும். இல்லேன்னா மூவருக்குன்னு தனியா ஒரு ஏ.ஜி.எம் (லெட்-ஆசிட் வகை) பேட்டரி.

கேபிள் 25 சதுர மி.மீ-க்குக் குறையக் கூடாது, முடிஞ்ச அளவு குட்டையா, பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ். மெல்லிசு கேபிள் போட்டா மோட்டார் முனையில் வோல்டேஜ் இறங்கி, பேட்டரி நல்லா இருக்கும்போதே "லோ பேட்டரி"ன்னு கன்ட்ரோலர் நிறுத்திடும். பேட்டரி போச்சுன்னு நினைச்சு புதுசு வாங்குறவங்க நிறைய.

நல்ல விஷயம் ஒண்ணு: ரிமோட்டில் விரலை எடுத்தா மூவர் அங்கேயே பிடிச்சு நிற்கும். இறங்கும்போதும் அதே. ஆனா உருளையைக் கழட்டுறதுக்கு முன்னாடி கை பிரேக், முட்டுக்கட்டை ரெண்டும் போட்டிருக்கணும்.

பார்வையாளர்77
இவ்ளோ எதுக்கு ப்ரோ? ஞாயித்துக்கிழமை பிரியாணி போட்டு ஆறு ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிட்டா தள்ளிட மாட்டாங்களா? இல்லேன்னா பக்கத்து வீட்டு ரைடு-ஆன் மோவர் (உட்கார்ந்து ஓட்டுற புல்வெட்டி)?

செயின்பிளாக்
ஒரு ஆள் சரிவில் கால் ஊன்றி, விடாம தள்ளக்கூடியது 30 கிலோ சுமார். 367-க்கு 12 பேருக்கு மேல் வேணும், அத்தனை பேரும் வண்டிக்குக் கீழ்ப்பக்கம் நிற்கணும். ஒருத்தர் வழுக்கினா மீதிப் பேர் மேலே பாரம் ஏறும். யாரும் அங்கே நிற்கக் கூடாதுன்றதுதான் இந்த வேலையில் முதல் சட்டம். தவிர, எங்கே கை வச்சுத் தள்ளுவாங்க? அலுமினியத் தோல் அமுங்கிடும், கைப்பிடி குட்டி ஸ்க்ரூவில் நிக்குது.

மோவர் 200 கிலோ, ஓட்டுறவர் 80. அதுக்கும் மேலே சொன்ன பிடிக் கணக்குதான். பின் சக்கரத்தில் 200 நின்னாக்கூட 120 கிலோ இழுக்கும். அதுக்கப்புறம் கேரவன் மோவரை இழுத்துக்கிட்டு தெருவுக்குப் போகும்.

லண்டன்_வாணி
கை பிரேக் எவ்வளவு பிடிக்கும் என்று யாரும் பேசவில்லை. இங்கே பிரிட்டனில் ஓவர்ரன் பிரேக் (கார் மெதுவாகும்போது கேரவன் அதன்மேல் தள்ளுவதால் தானே பிடிப்பது), ஆட்டோ ரிவர்ஸ் டிரம். வண்டி பின்னோக்கி உருண்டால் டிரம் தானாக விட்டுவிடும்படி செய்திருக்கிறார்கள், காரில் ரிவர்ஸ் எடுக்க வசதியாக. அதனால் மூக்கு மேல்நோக்கி நிற்கும்போது கை பிரேக்கை அரைகுறையாக இழுத்தால் முதலில் பிடித்த மாதிரி இருக்கும், பிறகு வண்டி கொஞ்சம் பின்னால் உருண்டு டிரம் விடும். லீவரை முழுக்க நிமிர்த்தியிருந்தால்தான் அதிலிருக்கும் ஸ்பிரிங் அந்தத் தளர்வை எடுத்துக்கொண்டு மறுபடி பிடிக்கும். அதற்குள் வண்டி ஓர் அடி அளவு நகர்ந்திருக்கலாம். ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியக் கேரவன் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். உங்களுடையது எலக்ட்ரிக் பிரேக் என்பதால் வேறு கதை.

பன்னிரண்டு_வோல்ட்
வாணி அக்கா சொன்னதோட தொடர்ச்சி. எலக்ட்ரிக் டிரம்மில் கை பிரேக் கேபிள் இழுக்கிறது. அது முன்னோக்கிப் பிடிக்கிற அளவு பின்னோக்கிப் பிடிக்காது. அட்ஜஸ்ட் பண்ணி, லேசான சரிவில் கட்டை போட்டு வச்சே சோதிச்சுப் பாருங்க. 20 சதவீதத்தில் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எலக்ட்ரிக் பிரேக்கை அவசர பிரேக்கா வச்சுக்கலாம். 7 பின் தட்டை பிளக்கில் 5-ஆவது பின், நீல வயர், பிரேக். 3-ஆவது வெள்ளை, எர்த். ஒரு 12 வோல்ட் பேட்டரி, 10 ஆம்பியர் ஃப்யூஸ், நடுவில் ஒரு புஷ் சுவிட்ச். ஒரு மேக்னட்டுக்கு சுமார் 3 ஆம்பியர், ரெண்டு சக்கரத்துக்கு 6. சுவிட்ச் வாங்கும்போது அழுத்தினா மின்சாரம் துண்டிக்கிற வகையா வாங்குங்க. அழுத்திக்கிட்டிருக்கிற வரை சக்கரம் உருளும், கையை விட்டா பிரேக் பிடிக்கும். பதறினவன் கையை விடுவான், அப்போ வண்டி நிற்கணும்.

ரெண்டு எச்சரிக்கை. மேக்னட் சுத்துற டிரம்மில் இழுபட்டாத்தான் ஷூவைத் தள்ளும், அதனால சில சென்டிமீட்டர் உருண்ட பிறகுதான் பிடி வரும். அப்புறம், நேரம் போகப் போக மேக்னட் சூடாகும், இதைப் பார்க்கிங் பிரேக்கா நினைக்காதீங்க. பிரேக்அவே யூனிட் (வண்டி காரிலிருந்து கழண்டா தானா பிரேக் போடுறது) இருந்தா அதன் பின்னை இழுத்தாலும் இதே வேலைதான். ஆனா ஆஸ்திரேலியாவில் அது 2 டன் ஜி.டி.எம்-ஐ (காரில் கோத்திருக்கும்போது வண்டியின் சக்கரத்தில் நிற்கிற அதிகபட்ச எடை) தாண்டின வண்டிக்குத்தான் கட்டாயம், உங்களுதில் இல்லாம இருக்கலாம்.

குன்றடி_சிட்னி
மூவர் பூட்ட சில ஆயிரம் டாலர் ஆகும்னு சொல்றாங்க. வருஷத்துக்கு மூணு தடவைக்கு அது அதிகமாத் தெரியுது. வின்ச் வச்சுப் பண்ணினா?

செயின்பிளாக்
பண்ணலாம். ஆனா படகு ட்ரெய்லர் வின்ச் வேண்டாம். அதில் பல் சக்கரமும் நாக்கும்தான், பிரேக் கிடையாது. நாக்கு விலகினா கைப்பிடி சுத்துற வேகத்தில் முழங்கை உடையும். கை வின்ச்னா தானியங்கி பிரேக் உள்ளதுதான். அதிலும் டிரம்மில் சுத்துக்கு மேலே சுத்து ஏற ஏற இழுவை குறையும், பெட்டியில் போட்டிருக்கிற எண் முதல் அடுக்குக்கு. காருக்குப் போடுற 12 வோல்ட் எலக்ட்ரிக் வின்ச் இழுக்கும், ஆனா முழு பாரத்தில் 300 ஆம்பியருக்கு மேல் கேட்கும், அதுக்கு ஓடுற இன்ஜின் வேணும்.

என் சிபாரிசு டிர்ஃபோர் வகை. உள்ளே ரெண்டு தாடை மாறி மாறி வயர் ரோப்பைப் பிடிச்சு இழுக்கும். டிரம் இல்லை, ரோப் எவ்வளவு நீளமா இருந்தாலும் இழுவை மாறாது. 800 கிலோ ரகம் போதும், மெஷின் மட்டும் பத்து கிலோவுக்குள். வாடகைக்கே கிடைக்கும். முன் லீவரை ஆட்டினா இழுக்கும், பின் லீவரை ஆட்டினா அதே நிதானத்தில் இறக்கும். கீழே இறக்குறதுதான் ஏத்துறதைவிட ஆபத்து, அதனால இது பெரிய விஷயம். ஒரு ஆட்டுக்கு 4-5 செ.மீ. 11 மீட்டருக்கு 240 ஆட்டு ஆகும், ரெண்டு பேர் மாத்தி மாத்திப் போடுங்க. லீவர் திடீர்னு லூசானா பாரம் மீறி ஷியர் பின் வெட்டியிருக்கு. அதுக்குப் பதிலா ஆணியைச் செருகாதீங்க.

கட்டுறது இப்படி. மெஷின் மேலே, நங்கூரத்தோடு. ஆட்டுறவர் மேல்பக்கம், ரோப்பின் நேர்கோட்டுக்கு வெளியே. வண்டிப் பக்கம் ஒரு டன் ஸ்லிங்கை (பாரம் இழுக்கிற பட்டை) ஏ-ஃப்ரேமின் (மூக்கில் இருக்கிற முக்கோண இரும்புச் சட்டம்) ரெண்டு கையிலும் சுத்தி, நடுவில் ஷாக்கிள் (பின் போட்டு மூடுற இரும்பு வளையம்). ஜாக்கி வீலிலோ அதன் கிளாம்ப்பிலோ கட்டக் கூடாது. ஸ்லிங்குக்கு அடியில் கேஸ் பைப்பும் பிரேக் வயரும் மாட்டாம பாருங்க. ஜாக்கி வீல் தன்பாட்டுக்குத் திரும்பும், ஒருத்தர் பக்கவாட்டில் நின்னு நீளக் கம்பியால் திருப்பிக் கொடுக்கணும், காலை வச்சு உதைக்கக் கூடாது. ரோப்பின் நடுவில் ஒரு கனமான போர்வை போடுங்க, அறுந்தா சாட்டை மாதிரி எகிறுறதைக் குறைக்கும்.

சரிவு முடிஞ்சு கார்போர்ட் தொடங்குற மேட்டில் ரோப் கான்கிரீட்டை அறுக்கும். அங்கே ஒரு மரக்கட்டையோ தடிச்ச பி.வி.சி பைப்போ குறுக்கே.

அப்புறம் முட்டுக்கட்டை. நம்மூர் மலைப்பாதையில் லாரி கிளீனர் கட்டையைக் கையில் வச்சுக்கிட்டு கூடவே ஓடுவாரே, அந்த முறை வேண்டாம். 100 x 100 மி.மீ மரத்தை டயருக்குப் பின்னாடி, சேசிஸிலிருந்து ரெண்டு பக்கமும் சங்கிலியில் கட்டி, ஒரு கை அகலம் விட்டு இழுபடுற மாதிரி பண்ணுங்க. வண்டி பின்னால் வந்தா தானே அடியில் சிக்கும். நிறுத்தி இளைப்பாறும்போது முறையான பெரிய கட்டையைப் போடுங்க, உயரம் டயர் உயரத்தில் கால் பங்காவது இருக்கணும். மடிக்கிற பிளாஸ்டிக் கட்டை ஈரக் கான்கிரீட்டில் வண்டியோட சேர்ந்து வழுக்கும்.

குன்றடி_சிட்னி
நங்கூரம் எதில்? கார்போர்ட் இரும்புத் தூண் இருக்கு, செங்கல் சுவர் இருக்கு.

செயின்பிளாக்
ரெண்டிலும் வேண்டாம். கார்போர்ட் தூண் கூரையின் பாரத்தைத் தாங்குறது, பக்கவாட்டு இழுப்புக்கு இல்லை. செங்கல் சுவரில் 400 கிலோ பக்கவாட்டா இழுத்தா வரிசையோட வரும்.

தரை ஸ்லாப்பில் இரும்புத் தகடு, நாலு எம்12 கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை போட்டு ஒட்டுற 12 மி.மீ போல்ட்), தகட்டில் வெல்ட் பண்ணின வளையம். தனி ஐ-போல்ட்டை நட்டு, அதைத் தரையோட தரையா இழுக்காதீங்க. நேரா மேலே தூக்குறதுக்குத்தான் அதன் முழு அளவு, 90 டிகிரியில் கால் பங்குதான் மிஞ்சும். 14 மி.மீ துளை, 80 மி.மீ ஆழம், ஸ்லாப் ஓரத்திலிருந்து 30 செ.மீ-க்கு மேல் தள்ளி. துளைக்குள் தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதணும். பிடுங்கிக்கிட்டு வர்ற ஆங்கர் பெரும்பாலும் தூசியில் ஒட்டினதுதான். குழாயில் போட்டிருக்கிற நேரம் வரை காயவிட்டு அப்புறம் முறுக்குங்க.

தெல்லிப்பளை_மெல்பர்ன்
ஒரு விசயம் சேர்க்கிறன். கார்போர்ட் தளம் வீட்டு ஸ்லாப்போட ஒண்டாப் போட்டதெண்டால் அது வாஃபிள் ஸ்லாப்பா இருக்கலாம். அதில நுரைப்பெட்டிக்கு மேல கொங்கிறீட் 85 மி.மீ தான். 80 துளைச்சால் அடியில ஒண்டும் மிச்சமில்லை. வீட்டுப் பிளானைப் பார்த்து ரிப் (பெட்டிகளுக்கு இடையில இருக்கிற தடிச்ச கொங்கிறீட் வரி) போற இடத்தில துளையுங்கோ, இல்லாட்டி வெளியால தனிக் கொங்கிறீட் குத்தி ஊத்துறது நல்லம்.

மற்றது, கீழ ஏறேக்க வால் இடிக்கும், பார்த்தனீங்களோ? அச்சுக்குப் பின்னால வான் எவ்வளவு நீளம்? 1.9 மீட்டர் எண்டால், கீழ்ச் சரிவு 14, ரோட்டின்ர எதிர்ச்சாய்வு 3 சதவீதம், மொத்தம் 17. வால் 32 செ.மீ கீழ இறங்கும். பின் பம்பருக்குக் கீழ, தண்ணிப் பைப், ஸ்டெடி கால் (வானை நிப்பாட்டேக்க இறக்கிற முட்டுக்கால்) எல்லாம் சேர்த்து 40 இருந்தால் தப்பும். காணாட்டி ஜாக்கி வீலை முழுக்கச் சுருக்கி மூக்கை இறக்குங்கோ. மூக்கு 10 செ.மீ இறங்கினால் வால் நாலரை உயரும். அதுவும் காணாட்டி டயர் போற ரெண்டு தடத்திலயும் 19 மி.மீ பிளைவுட் ரெண்டு அடுக்கு.

குன்றடி_சிட்னி
அளந்தேன், பின்னாடி 1.85 மீட்டர், கீழே 38 செ.மீ. தப்பும் போல. முடிவு: இந்தத் தடவை டிர்ஃபோர் வாடகைக்கு. 20 மீட்டர் ரோப், தகடு நங்கூரம், ஸ்லிங், ரெண்டு ஷாக்கிள், சங்கிலியில் கட்டை, புஷ் சுவிட்ச். மூணு பேர்: ஒருத்தர் லீவர், ஒருத்தர் ஜாக்கி வீல், ஒருத்தர் சுவிட்ச். சுவிட்ச்காரர் வண்டிக்குப் பின்னாடி நின்னு வாலைப் பார்த்துக்குவார்.

செயின்பிளாக்
கடைசி வரியை மாத்துங்க. பின்னாடி யாரும் கிடையாது. சுவிட்ச் வயரை 3 மீட்டர் நீளமா விட்டு, அவர் பக்கத்துப் புல்லில் நிற்கட்டும், வால் அங்கிருந்தே தெரியும். தெருப் பக்கம் குழந்தைங்க வராம பார்க்க நாலாவது ஆள் ஒருத்தர்.

பன்னிரண்டு_வோல்ட்
சுவிட்சை அழுத்திக்கிட்டே இருந்தா கட்டைவிரல் வலிக்கும், ஆள் டேப் போட்டு ஒட்டிடுவார். அதனால இருபது ஆட்டுக்கு ஒருமுறை நிறுத்தி, கட்டை போட்டு, கை மாத்துங்க. நிறுத்தும்போது பேட்டரி கிளிப்பைக் கழட்டிடுங்க, மேக்னட் ஆறட்டும்.

குன்றடி_சிட்னி
சரி. ஷாக்கிள் ரெண்டும் முத்திரை குத்தின ஒரு டன் ரகம் வாங்கிட்டேன். பின்னை இறுக்கிட்டு கால் சுத்து பின்னால் விடணும்னு கடையில் சொன்னாங்க, சரியா?

செயின்பிளாக்
அப்படியும் செய்வாங்க, பாரம் ஏறின பிறகு பின் சிக்கிக்காம கழட்டுறதுக்கு. நீங்க 240 ஆட்டு ஆட்டப் போறீங்க, ஒவ்வொண்ணுக்கும் ரோப் துடிக்கும், பின் தானா சுத்தி வரும். முழுசா இறுக்கி, பின் கண்ணில் கம்பி போட்டுக் கட்டிடுங்க.